சேற்றை முதல் ஆண்டிலேயே காட்டுங்கள்

சுற்றுச்சூழல் பொறியியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சேர்க்கைக் கையேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அட்டையில் உள்ளங்கையில் ஏந்திய ஒரு நாற்று, பின்னால் ஒரு காற்றாலை. நானும் அப்படியொரு அட்டையைப் பார்த்து மயங்கித்தான் சேர்ந்தேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குப் போன முதல் வாரம் என் கையில் தந்தது ஒரு லிட்டர் அளவு உருளை. உள்ளே காற்றூட்டத் தொட்டியிலிருந்து, அதாவது நுண்ணுயிர்கள் கழிவைத் தின்பதற்காகக் காற்று ஊதும் தொட்டியிலிருந்து, மொண்ட பழுப்புக் கலங்கல்.

"அரைமணி நேரம் ஆடாம அசையாம வெச்சுப் பாருங்க" என்றார் அங்கே பல வருஷமாக இருந்த ஆபரேட்டர். நுண்ணுயிர்கள் திரண்ட கசடு கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். அன்று இறங்கவில்லை. 900 மில்லிலிட்டர் கோட்டில் பஞ்சுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இழை நுண்ணுயிர்கள் பெருகினால் கசடு படியாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். கண்ணெதிரே நடந்தபோது, இதுதான் அது என்று உறைக்கவில்லை. அவரோ தொட்டியின் வாடையை வைத்தே காற்று போதவில்லை என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரின் வடிகட்டி அடைத்துக் கிடந்தது.

இதைத்தான் கேட்கிறேன்: சுத்திகரிப்பு நிலையத்தைக் கடைசி ஆண்டுச் சுற்றுலாவாக வைக்காதீர்கள். முதல் ஆண்டிலேயே இரண்டு வாரம் அங்கே விடுங்கள். தினமும் காலையில் உருளையை நிரப்பட்டும், ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்க்கட்டும். அப்புறம் வகுப்பில், 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் படிந்த கசடைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீர் ஊற்றித் திரும்பத் திரும்பக் காற்றூட்டி இந்த முறையை உருவாக்கிய கதையைச் சொல்லுங்கள். மறக்கவே மாட்டார்கள். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பிஓடி சோதனைக்கு 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் காத்திருக்க வேண்டும் என்பதன் சங்கடமும் அங்கேதான் புரியும். முடிவு வரும்போது அந்த நீர் எப்போதோ ஆற்றில் கலந்துபோயிருக்கும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். கழிவுநீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பிக் குழிக்குள் இறங்குபவர் திரும்பி வராமல் போகலாம். முதல் சமன்பாட்டுக்கு முன்னால் வாயுமானியைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கையேட்டில் 'எண்ணற்ற வாய்ப்புகள்' என்று போடுகிறீர்கள். எண்ணலாம், அப்படி ஒன்றும் அதிகமில்லை. வடிவமைப்பு நிறுவனத்தில் பம்ப்புத் தேர்வும் வரைபடமும் டெண்டர் ஆவணமும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் அனுமதியும் ஆய்வும். மாசுபட்ட நிலத்தடி நீரைச் சீராக்கும் வேலைக்கு மண்ணியல் பிடித்திருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். சில இடங்களில் பல பத்தாண்டுகள் இழுக்கும். காற்று மாசைக் கணிப்பவர் பெரும்பாலும் கணினி முன்னால்தான். நிலையத்தை இயக்குபவருக்கு நள்ளிரவிலும் போன் வரும். தொழிலை முழுசாகக் கற்பது அவர்தான் என்பது என் எண்ணம். இவற்றில் பலவற்றுக்குச் சிவில், கெமிக்கல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீரியலையும் வேதியியலையும் ஒப்பேற்றிவிட்டு வந்தவர் அங்கே திணறுவார்.

நீங்கள் தொடாமலே விடும் இடம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பெரும்பாலும் காசு கொடுப்பவர் திட்டத்தைக் கட்ட நினைப்பவரே. ஆலையில் வேலை பார்த்தாலும் இதே கதைதான். யாரிடம் 'முடியாது' என்று சொல்ல வேண்டுமோ, அவரிடம்தான் சம்பளம். நான் எழுதிய முதல் அறிக்கையில் நிலத்தடி நீர் பற்றிய ஒரு பக்கத்தை 'கொஞ்சம் மென்மையாக்க'ச் சொன்னார்கள். எப்படி மறுப்பது, எதை எழுத்தில் பதிந்து வைப்பது, யாரிடம் போவது, ஒன்றும் தெரியாமல் இரண்டு நாள் தூங்கவில்லை. அந்தக் கேள்வியைத் தேர்வில் கேளுங்கள். விடையைத் திருத்துவது உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அட்டைப் படத்தை மாற்றுவதாக இருந்தால், படியாமல் நின்ற அந்த உருளையின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்