தலையைக் கழற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பழைய பொருள்களைப் புதிதாக மாற்றுவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகவே இருந்தது. சிங்கர் தையல் மெஷினின் இரும்புக் காலுக்கு மேல் கறுப்பு கிரானைட், அதன்மேல் ஒரு பூச்சாடி, ஆறிப்போன காபி. அதற்குக் கீழே செய்முறை. அதில் இரண்டாவது வரி: "பயனற்ற மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிடவும்."

ஐயா, அந்த மேல்பாகம்தான் மெஷின். தைப்பது அதுதான், நாங்கள் தலை என்போம். கீழே இருப்பது ஸ்டாண்டு. தலையை மட்டும் ஒரு பலகையில் பொருத்தி, சக்கரத்தில் கைப்பிடி மாட்டினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தைக்கலாம். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அம்மா அப்படிக் கைமெஷினில் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தலை இல்லாத ஸ்டாண்டை வைத்துக்கொண்டு ஒரு தலையணை உறைகூடத் தைக்க முடியாது. காபி வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன்.

நான் காரைக்குடியில் தையல்காரன். சிறு வயதில் காஜா எடுக்கிற பையனாகக் கடையில் சேர்ந்தவன். எங்கள் முதலாளி ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சிங்கரில்தான் தொழில் கற்றேன், அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. தலையின் அடித்தட்டில் பொறித்திருக்கும் எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1922க்கும் 1935க்கும் நடுவில் செய்தது என்று பொருள். அந்த ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்றுகூட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சீருடைக்கு ஓரம் அடித்தேன். இன்று கடையில் பாக்கெட்டில் விற்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசி அதில் அப்படியே பொருந்தும். பாபின், பாபின் கேஸ், தோல் பெல்ட், எல்லாமே எந்த ஊர்த் தையல் சாமான் கடையிலும் இன்றைக்கும் கிடைக்கும், ஏனென்றால் 1930களில் கல்கத்தாவில் தொடங்கிய உஷா மெஷினும் இதே அமைப்பில்தான் வந்தது. இதற்கும் முந்தைய அமைப்பில், பாபினைப் படகு மாதிரி நீளமான ஷட்டிலுக்குள் போடுகிற மாடல்களுக்குத்தான் உதிரி சாமான் சிரமம். உங்கள் படத்தில் இருந்த ஸ்டாண்டின்மேல் எந்தத் தலை இருந்தது என்று கட்டுரை எழுதியவர் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். எறிகிற பொருளின் நம்பரை யார் பார்ப்பார்கள்!

காந்திக்கு எந்திரங்களைப் பற்றி என்ன கருத்து என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொரு அக்டோபர் 2ஆம் தேதியும் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்கிறீர்கள். அவரே 1924இல் ஒரு பேட்டியில் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து ஒருவர் செய்தது என்று அதற்குக் காரணமும் சொன்னார். அவர் விட்டுவைத்ததை உங்கள் இணைப்பிதழ் விடவில்லை.

இன்னொன்று. அந்த ஸ்டாண்டு வார்ப்பிரும்பு. "தேவையான இடத்தில் துளையிட்டு வெல்டிங் செய்துகொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பட்டறைக்காரரைக் கேட்டாலும் சொல்வாரே, வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் சரியாக நிற்காது, பக்கத்திலேயே விரிசல் விடும். அதன்மேல் கிரானைட் பாரம் வேறு. மிதியையும் கழற்றாமல் அப்படியே ஆட விட்டிருக்கிறார்கள், அழகுக்காக. குழந்தை இருக்கிற வீட்டில் அதன் கால் விரல் எங்கே போய் மாட்டும் என்று யோசித்தீர்களா?

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். தை பிறப்பதற்கு முன்னால், போகியை ஒட்டி, ஒரு வருடம் தொடாத பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அதைப் படித்து எறிந்தவர்கள் இப்போது இந்தக் கட்டுரையைப் படித்து, அதே பொருளைக் கடையில் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கும் முன்னால், பாட்டியின் பட்டுச்சேலையை வெட்டிச் சோபா மெத்தைக்கு உறை போடச் சொன்னீர்கள். பழைய கெட்டிச் சரிகையில் வெள்ளி இருக்கிறது, பழைய சேலை வாங்க வருகிறவர்கள் அதை எரித்து வெள்ளி எடுக்கத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சரிகையின் மேல் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் உரசும், அழுக்கானால் துவைக்கவும் முடியாது. எங்களிடம் சேலை வந்தால் முதலில் மடிப்பில் இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். உடல் இற்று, கரை மட்டும் நன்றாக இருந்தால் கரையைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைப்போம். உடலும் நன்றாக இருந்தால் பேத்திக்குப் பாவாடை. அதிலும் உள்ளே நல்ல மடிப்பு வைத்துத் தைப்போம், பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். இதையெல்லாம் நாங்கள் யாரும் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் உங்கள் கட்டுரை, நம் மக்களுக்குப் பழையதை மதிக்கத் தெரியாது, மேலைநாட்டில்தான் இந்தப் பண்பு வளர்ந்திருக்கிறது என்கிற மாதிரி எழுதுகிறது. அப்புறம் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பழைய பொருள் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை, தயவுசெய்து அப்படிச் சுருக்கிவிடாதீர்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நீங்கள் வந்திருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தால் பர்மா தேக்குக் கதவு, தூண், கண்ணாடி, பீங்கான் பூச்சுப் பாத்திரம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அங்கே வாங்கிய கதவை இன்னொருவர் தன் வீட்டு வாசலில் கதவாகவே நிறுத்தினால் எனக்குச் சந்தோஷம். அந்தத் தேக்குக்கு இன்னும் நூறு வருஷம் தெம்பு இருக்கிறது. அதையே படுக்க வைத்து மேலே கண்ணாடி போட்டு மேசை என்று விற்கும்போதுதான் வயிறு எரிகிறது. கதவு உளுத்துப் போயிருந்தால் சரி, மேசையாக்குங்கள், அலமாரியாக்குங்கள், யார் கேட்கப் போகிறார்கள். தலை உடைந்து, உள்ளே பல்சக்கரம் தேய்ந்து, இனி ஓடாது என்று ஆன ஒரு மெஷினின் ஸ்டாண்டை நானே என் மருமகளுக்கு அரிவாள்மனை வைத்துக் காய் நறுக்கும் மேசையாக்கிக் கொடுத்திருக்கிறேன். மரப் பலகைதான் போட்டேன், கிரானைட் இல்லை. தன் வேலையை இன்னும் செய்யக்கூடிய பொருளை அந்த வேலைக்கே பயன்படுத்த வேண்டும், முடியாதபோதுதான் வேறு வடிவம். இந்த வரிசையை மாற்றிவிட்டால் அது சிக்கனமும் இல்லை, சுற்றுச்சூழல் அக்கறையும் இல்லை.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு ஆதரவற்ற பெண்கள் வருமானச் சான்றிதழும் தையல் தெரியும் என்ற சான்றும் எடுத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள், அந்தச் செய்தியும் உங்கள் பத்திரிகையில்தான் வருகிறது. ஒரு பக்கத்தில் மெஷினுக்கு மனு, இன்னொரு பக்கத்தில் மெஷினை எறி. இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படிப்பார் என்று நினைக்கவில்லையா?

மஞ்சப்பை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று 2021 டிசம்பரில் தமிழக அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தபோது தலையங்கம் எழுதிப் பாராட்டினீர்கள். சந்தா புதுப்பித்தவர்களுக்கு நீங்கள் அனுப்பிய பை துணி மாதிரி இருந்தது, துணி இல்லை. நெய்யாத பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான். துணிக்காரனுக்கே அனுப்பியிருக்கிறீர்கள்! அப்போது நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, பாராட்டிய பகுதியை மட்டும் போட்டீர்கள். நானும் வெட்டுகிற தொழில்தான் செய்கிறேன், அளவு எடுத்த பிறகுதான் வெட்டுவேன்.

சரி, என் வேண்டுகோள் சின்னதுதான். மறுப்பு, வருத்தம் எதுவும் வேண்டாம். அடுத்த இணைப்பிதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். மெஷின் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் பழுது இல்லை, பழைய எண்ணெய் உள்ளே இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். (தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், பிசினாகிவிடும்.) ஓட்டைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பலம் கொடுத்துத் திருப்பக் கூடாது. இளகியதும் கறுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் போட வேண்டும். அப்படியும் சுற்றாவிட்டால் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, அவர் கைவிட்ட பிறகு கழற்றலாம். தைக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடலாம், காபி மேசை கடையில் கிடைக்கும்.

இதற்கு இரண்டு அங்குல இடம் போதும். ராசிபலனுக்குக் கீழே கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே, அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், தையல்காரன்,
காரைக்குடி.