தரவரிசைப் பட்டியலைப் பலகையில் ஒட்டுங்கள்: குமரி மாவட்டக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரிகளை நடத்தும் நிர்வாகத்தாருக்கும், முதல்வர்களுக்கும், சேர்க்கைக் குழுவினருக்கும் வணக்கம்.

மலையோரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பலருடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை ஆலைக்கு, வேலைக்குப் போகிறார். பிளஸ் டூ முடிவு வந்ததும் அந்த வீடுகளிலிருந்து எனக்கு வருகிற முதல் கேள்வி, “சாரே, சீட்டுக்கு ஆரெப் பிடிக்கணும்?” என்பதுதான். எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே இப்படிக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்ய உங்களால் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

பட்டத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று பேசுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. பொறியியல் முடித்துவிட்டுப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை பார்க்கும் இளைஞர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு மூன்று பட்டங்கள் இருக்கும். பால் வெட்டுகிறவரின் மகளுக்கு பி.காம். என்பது வேறு கணக்கு. குரூப் 2 எழுத வேண்டுமா, பட்டம் வேண்டும். வங்கி கிளார்க் தேர்வுக்கும் வேண்டும், பி.எட். சேரவும் வேண்டும். வளைகுடாவில் கணக்கர் வேலை கிடைத்தால் அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ் சரிபார்ப்பு முத்திரைக்கு, முதலில் கேட்பதே பட்டச் சான்றிதழைத்தான். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மூன்று வருடத்துக்கு அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது. அந்த மூன்று வருடத்தில் அவள் தனக்கென்று ஒரு முடிவை எடுக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறாள். என் மாணவிகளிடம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அந்தப் பட்டப் படிப்புக்கான இடம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் ஒரு பிள்ளை தன் கட்-ஆஃபையும் தரவரிசை எண்ணையும் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறது. போன வருடம் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் நின்றது என்பதும் தெரிகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 2020 முதல் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம், நான்கு பாடங்களுக்கு 400க்குத் தரவரிசை. தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இடம் கிடைக்காத பிள்ளைக்கும் தெரியும். உதவி பெறும் கல்லூரிகளில் ஒவ்வொரு நிர்வாகமும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. சிலருக்கு அழைப்பு வரும், சிலருக்கு வராது. சில இடங்களில் பட்டியல் ஒட்டுகிறார்கள், ஆனால் பெயர் மட்டும்தான் இருக்கும். மதிப்பெண்ணும் இட ஒதுக்கீட்டு இனமும் இருக்காது, பொதுப் போட்டியில் வந்தவர் யார், நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர் யார் என்ற விவரமும் இருக்காது.

என் மாணவி ஒருத்தி 400க்கு 370க்கு மேல் வாங்கியிருந்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தங்களுக்கில்லை என்று விட்டுவிடுவார்கள். உதவி பெறும் பி.காம். முடிந்துவிட்டது, சுயநிதியில் இடம் இருக்கிறது, இன்றைக்கே கட்டினால் உறுதி என்று சொன்னார்கள். கட்டணம் பல மடங்கு. அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினார். வகுப்பு தொடங்கிய பிறகுதான், அவளைவிட மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் உதவி பெறும் பிரிவில் இருப்பது தெரிந்தது. இட ஒதுக்கீட்டின்படி சரியாகவே நடந்திருக்கலாம். ஆனால் பட்டியல் இல்லாததால் அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆள் பிடிக்காததால்தான் போச்சு என்று அந்த வீடு இன்றும் நம்புகிறது. அடுத்த வருடம் தங்கைக்குச் சீட்டு வேண்டி அந்த அம்மா முதலில் போய் நின்றது உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் வீட்டு வாசலில்.

அதே வளாகம், அதே பாடத்திட்டம், பல்கலைக்கழகம் தருவதும் அதே சான்றிதழ். ஒரு பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, மற்றதில் பெற்றோர் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்காக 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வந்த பணம். சுயநிதியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது கட்டணக் கடனுக்குத்தான் போகிறது. உதவி பெறும் இடம் என்பது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் இடம். அது யாருக்குப் போனது என்று மக்களுக்குக் காட்டவேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

உங்களில் பல கல்லூரிகள் சிறுபான்மை நிறுவனங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமையை நான் மதிக்கிறேன். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி நடத்தியதும், நாகர்கோவிலில் 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வந்ததும், தோளில் சீலை போடவே போராட வேண்டியிருந்த மக்களுக்கு என்ன செய்தது என்பது குமரிக்காரர் யாருக்கும் தெரியும். பிறகு 1952இல் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்தது, 1964இல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி வந்தது. உள்ளே விடப்படாதவர்களுக்காகத் திறந்த கதவுகள் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன். உங்கள் ஒதுக்கீட்டு இடங்களை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்த இடங்களுக்குள்ளும் வரிசை உண்டு, அதைக் காட்டுங்கள் என்கிறேன். தொழிற்கல்விச் சேர்க்கையைப் பற்றிய 2005 இனாம்தார் தீர்ப்பில், சிறுபான்மைக் கல்லூரியானாலும் சேர்க்கை நியாயமாகவும் வெளிப்படையாகவும் சுரண்டல் இல்லாமலும் இருக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பி.காம்.முக்கு அதைவிடக் குறைந்த நியாயம் போதும் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

விவரம் திரட்டுவது சிரமம் என்றும் சொல்ல முடியாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்கு இடஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்று ஆண்டுவாரியாகக் கணக்குக் கொடுக்கிறீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள அந்த அறிக்கை உங்கள் இணையதளத்திலேயே கிடக்கிறது. குழுவுக்குக் காட்டும் கணக்கை அந்தந்த மே மாதத்தில் பெற்றோருக்கும் காட்டலாம். அரசு நிதியில் கணிசமாக நடக்கும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் மனுப் போட்டால் பதிலுக்கு 30 நாள். அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும். பால்வெட்டுத் தொழிலாளி மனு எழுதித்தான் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

வரும் சேர்க்கையிலேயே இதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மொத்த இடம், இனவாரி இடம், சிறுபான்மை மற்றும் நிர்வாக இடம் எத்தனை என்பதை விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே எழுதி ஒட்டுங்கள். விண்ணப்ப எண், மதிப்பெண், இனம் ஆகியவற்றோடு தரவரிசையும் காத்திருப்போர் பட்டியலும் வரட்டும், பெயர்கூட வேண்டாம். நிர்வாக இடத்தில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணும் அதே பலகையில் இருக்கட்டும். உதவி பெறும் பிரிவின் பட்டியல் முழுதும் வெளியான பிறகே சுயநிதிக் கட்டணத்தை வாங்குங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஒன்றுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. இடம் இல்லை என்றால் அதையும் ஒரு வரியில், தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்.

எந்தக் கல்லூரி இதை முதலில் செய்கிறதோ அதன் பட்டியலை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுகிறேன், பெற்றோர் கூட்டத்தில் வாசித்தும் காட்டுகிறேன். உங்கள் பதிலை ஏப்ரல் முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன். அதற்குள் வந்தால்தான் எங்கள் பிள்ளைகள் எங்கே விண்ணப்பிப்பது என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்ய முடியும்.

இப்படிக்கு,
மலையோர அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்