ஜூலியட்டாக ஆடப்போகும் என் தங்கை மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். பெங்களூரில் உன் பாலே வகுப்பின் ஆண்டுவிழாவில் 'ரோமியோ ஜூலியட்' பாலேயின் பால்கனி காட்சியை ஆடுகிறீர்களாம், நீதான் ஜூலியட்டாம். சந்தோஷமாக ஆரம்பித்தவள் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பையன் இவளை இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறான் அக்கா" என்றாள். அதற்கு அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. மேடையில் காதலியாக நிற்கப்போகும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

"பெரியம்மா 31 வருஷம் வள்ளியா நடிச்சாங்களே, ஒவ்வொரு ராத்திரியும் எப்படிக் காதல் வந்துச்சு?" என்று கேட்டாயாம்.

நான் காதலை வரவழைக்கவில்லை பாப்பா. எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்டேன்.

எங்கள் ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று நீ பார்த்ததில்லை. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், சிரிக்கவைக்கும் பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் நான் மதுரையிலிருந்து போவேன். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. மேலூர் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்குப் பவுடர் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் 1918-இல் இதே மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபா தொடங்கியவர், 1922-இல் காலமாகிவிட்டார். அவர் பாட்டை நம்பித்தான் விடிய விடிய நின்றோம்.

'வள்ளி திருமண'த்தில் நான் தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடுவேன். முருகன் வேடனாக வந்து, தப்பி ஓடிய மானைக் கண்டாயா என்று கேட்பார். அங்கே ஆரம்பிக்கும் தர்க்கம் சில ஊர்களில் இரண்டு மணி நேரம்கூடப் போகும். அவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. திடீரென்று புராணத்திலிருந்து ஒரு கேள்வி போடுவார், எதிர்பாராத ராகத்தில் ஒரு பாட்டை எடுப்பார். ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் பதில் வராது. அதனால் அவர் வாயையும் கண்ணையும் விட்டு என் பார்வை நகராது. ஒருநாள் நாடகம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக மேல உனக்கு எம்புட்டு ஆசை, கண்ணையே எடுக்கலையே தாயி" என்றார். நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். ஒருவர் இன்னொருவரை அப்படி உன்னிப்பாகக் கேட்டால் பார்க்கிற ஜனத்துக்கு அது ஆசையாகத் தெரிகிறது.

இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருஷம் ஆனது. ஆரம்பத்தில் வீட்டுக் கண்ணாடி முன் நின்று வெட்கம், கோபம், கனிவு என்று ஒவ்வொன்றாகப் பழகிவைத்திருந்தேன். திருமங்கலம் பக்கம் ஒரு நாடகத்தில், வேலன் தன் தாயைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், நான் பழகிவைத்த வெட்கச் சிரிப்போடு நிற்கிறேன். ஆர்மோனியத்தில் இருந்த பெரியவர் துருத்தியிலிருந்து கையை எடுக்காமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அவரு பேசுறதக் கேளும்மா" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

உன் கஷ்டம் இதற்கு நேர் எதிர். உங்களுக்கு எண்ணிக்கை உண்டு, மாதக்கணக்கில் ஒத்திகை உண்டு. எந்தத் தாளத்தில் அவன் கை வரும், எந்த இடத்தில் நீ திரும்புவாய், எல்லாம் உன் உடம்புக்குத் தெரியும். ஆனால் ஜூலியட்டுக்கு ஒன்றும் தெரியாதே! அன்று மாலை விருந்தில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தாள். பால்கனிக்கு வரும்போது கீழே தோட்டத்தில் அவன் நிற்பதுகூட அவளுக்குத் தெரியாது. அதனால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகப் பழகு. அவன் கை வருவதற்கு முன்னால் உன் கை அங்கே போய்க் காத்திருக்கக் கூடாது. தாளத்தை விடச் சொல்லவில்லை. அதே தாளத்துக்குள் அரை மூச்சு இடம் இருக்கும். முதலில் அவன் கையைப் பார், அப்புறம் கொடு.

தூக்குவதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீ முழங்காலை மடக்கி எழும்பாவிட்டால், இடுப்பையும் முதுகையும் இறுக்கிப் பிடிக்காவிட்டால், அவனால் உன்னைத் தூக்க முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் அவன் மூச்சு எப்போது உள்ளே போகிறது என்று உனக்குக் கேட்க வேண்டும். எங்கள் மேடையில் வேலன் வள்ளியைத் தொட மாட்டார். தொடாமலே அந்த மூச்சைக் கேட்டோம். உனக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நடன அமைப்பாளர் கென்னத் மேக்மில்லன் 1965-இல் லண்டன் ராயல் பாலே குழுவுக்கு அமைத்த 'ரோமியோ ஜூலியட்' அது என்று எழுதியிருந்தாய். முதல் நாள் ஜூலியட்டாக ஆடிய மார்கோ ஃபான்டெய்னுக்கு அப்போது 45 வயது என்று அறிந்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை. நானும் 52 வயது வரை தினை காத்தவள்தான்.

அதில் மூன்றாம் அங்கத்தில் ஓர் இடம். ரோமியோ போய்விட்டான். வேறொருவனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டார் நெருக்கிவிட்டுப் போகிறார்கள். ஜூலியட் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருகிறாள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபீவின் இசை வெள்ளமாக ஏறுகிறது, அவள் அசையவே இல்லை. நேரே பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். அப்புறம்தான் எழுந்து ஓடுகிறாள். இத்தனைக்கும் அது ஆட்டம்! 1935-இல் இந்த இசையை எழுதும்போது புரோகோஃபீவ் முதலில் காதலர்கள் பிழைப்பதாகவே முடித்திருந்தார், சாகக் கிடப்பவர்கள் ஆட முடியாது என்பதால். கடைசியில் முடிவை மாற்றினார். ஆடாமல் இருக்கிற இடத்திலும் ஆட்டம் நிற்காது என்பதை அந்தக் கட்டில் காட்சியில் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த முறை நீ வரும்போது மீனாட்சி கோயிலில் கம்பத்தடி மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. பெருமாள் தாரைவார்க்க, சொக்கர் கையில் அம்மன் கை. திக்விஜயம் செய்து ஊரையெல்லாம் ஜெயித்தவள் தலையைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்திருக்கிறாள். அந்தச் சாய்வின் அளவைப் பார். இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் பயந்த பெண்ணாகிவிடுவாள். கல்தச்சனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிந்திருக்கிறது. நான் வள்ளியின் வெட்கத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய் வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஆண்டுவிழாவுக்கு ராத்திரி ரயிலில் வந்துவிடுவேன். எனக்கு முன்வரிசையில் இடம் பிடிக்காதே. பின்னால் தூணோரமாக, இருட்டில் இருந்தால் போதும். என் முகம் உனக்குத் தெரிந்தால் நீ என்னைப் பார்ப்பாய். அன்றைக்கு நீ அந்தப் பையனைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா
மதுரை