அப்பாயியின் பிஸ்கட் டின்

ஹட்டன்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நுவரெலியாவிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பத்து நாளாக விடாத மழை.

அப்பாயியின் பிஸ்கட் டின்னுக்கு என்ன விலை வரும் என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்று: அதைக் கழுவிவிடாதே. சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கிட்டவே வரக் கூடாது. போன வருஷம் நான் ஒரு தேயிலை டின்னில் துருப் போகட்டும் என்று தேய்த்து, யானைப் படத்தில் பாதியை அழித்துவிட்டேன். தகரத்தின் மேல் இருக்கும் மை அவ்வளவு மெல்லிசு. அது போனால் விலையும் போயிற்று. காய்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடை.

அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் படத்தைப் பார். அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து, ஒவ்வொரு நிறமாக அச்சடித்தார்கள். கல்லும் தகரமும் இரண்டுமே கெட்டி. நேரே அழுத்தினால் மை சரியாகப் பிடிக்காது. நடுவில் ஓர் உருளையை வைத்து அதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே, 1875இல். அப்படி அச்சான படத்தில் புள்ளிகள் கையால் குத்தியதுபோல ஒழுங்கில்லாமல் இருக்கும். புதிதாகச் செய்த போலியில் புள்ளிகள் வரிசை தப்பாமல், சின்னச் சின்னப் பூவாகச் சேர்ந்து நிற்கும். கண்டியில் ஒருவர் என்னிடம் விற்ற டின் அப்படித்தான். 'சிலோன்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, பழசு என்று நம்பி வாங்கினேன். 1972இல் நாட்டுக்கு ஸ்ரீலங்கா என்று பெயர் மாறினாலும், தேயிலைக்கு இன்னும் 'சிலோன்' என்ற பெயர் மாறவில்லையே!

மூடியில் கீறல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சேகரிப்பவர்கள் அதற்கு விலையைக் குறைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கீறல் எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து வெறும் டின்னாக, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்தது அது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948 சட்டத்துக்குப் பிறகு கடதாசி இல்லாதவனுக்கு நாடே இல்லை என்றாகிவிட்டது. கூரை ஒழுகுகிற அந்தக் காம்பராவில், ஈரமும் கரையானும் அண்டாத ஒரே இடம் அந்த டின்தான். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம் என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அப்பாயி கத்தி முனையால் நெம்பித் திறப்பார். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யாராவது விலை பேச வந்தால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே. அடியில் சின்ன எழுத்தில் 'ஹன்ட்லி அன்ட் பாமர்ஸ்' என்ற இங்கிலாந்து பிஸ்கட் கம்பெனியின் பெயரோ, 'ரெடிங்' என்ற அதன் ஊர்ப் பெயரோ இருக்கிறதா என்று பார்த்து எழுது. உள்ளே ஏதாவது துண்டுக் கடதாசி இருந்தால் அதையும் எடுக்காதே. தீபாவளிக்கு வரும்போது என் பூதக்கண்ணாடியைக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மணி