டெக்சஸ் பள்ளிக் கால்பந்து ரன்னிங் பேக்குகள் ஓடிய மைதானங்களில் நினைவுப் பலகை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சுகர் லேண்டில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோர் ஒருவர்,
ஃபோர்ட் பெண்ட் கவுண்டி, டெக்சஸ்.

பெறுநர்:
செயல் இயக்குநர் அவர்கள்,
டெக்சஸ் வரலாற்று ஆணையம்,
ஆஸ்டின்.

பொருள்: உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகள் ஆடிய மைதானங்களை அடையாளப்படுத்துதல், கறுப்பின மாணவர் பள்ளிகளின் ஆட்டப் பதிவுகளை அழியுமுன் திரட்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசித்த நான்கு ஆண்டுகளும் வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதானப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவன் நான். இம்மனுவின் ஆங்கிலப் படி தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதற்காகவே இதைத் தமிழிலும் எழுதுகிறேன். அவர்களில் ஆட்டம் அறியாதவர்களுக்காக ஒரு சொல்: இங்கே கால்பந்து என்பது காலால் உதைத்து ஆடுவதல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து; அதில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்தப் பாய்வோரின் நடுவே புகுந்து ஓடுபவரே ரன்னிங் பேக். கபடியில் பாடிப்போகிறவரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

நாங்கள் குடியிருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலையை நம்பி வாழ்ந்த சிற்றூர். அதன் உயர்நிலைப் பள்ளிக்காக 1950 முதல் 1953 வரை ஆடிய கென்னத் ஹால் மொத்தம் 11,232 கெஜம் ஓடினார். கணக்கிட்டால் பத்துக் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம், அதுவும் ஒவ்வொரு அடியிலும் யாரோ காலைப் பிடிக்க. 1953ஆம் ஆண்டில் மட்டும் 4,045 கெஜம். அந்த ஆண்டில் ஹூஸ்டன் லூதரன் பள்ளிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைப் பதினோரு முறைதான் கையில் வாங்கினார்; 520 கெஜம் ஓடிவிட்டார். அவருடைய மொத்தச் சாதனையை அமெரிக்காவில் வேறொரு பள்ளி மாணவர் முறியடிக்க 2012 வரை ஆயிற்று. அவர் புளோரிடா மாநிலத்து யூலி ஊரின் டெரிக் ஹென்றி. ஹால் ஆடியது சிறிய பள்ளிகளுக்கான பிரிவில் என்பதால் அந்த எண்களைச் சற்றுக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனாலும் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் நின்ற சாதனையைப் பிரிவின் பெயர் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 1959இல் சுகர் லேண்ட், மிசௌரி சிட்டி பள்ளி மாவட்டங்கள் இணைக்கப்பட்ட பின் அந்தப் பள்ளி அந்தப் பெயரில் இல்லை. என்னைப் போல் பின்னால் வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஹால் என்ற பெயரையே கேட்டதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு பலகை போதும் என்று கேட்டிருப்பேன். ஹால் ஓடிய அதே 1953இல், அதே ஊரில் பிறந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவனாக இருந்திருந்தாலும், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்துவைத்த அன்றைய சட்டத்தால் அந்தப் பள்ளியின் சட்டையை அணிந்திருக்க முடியாது. மாநிலத்தின் கறுப்பினப் பள்ளிகள் 1920இல் தொடங்கப்பட்டு, பின்னர் பிரெய்ரி வியூ பள்ளிகளிடைப் போட்டிக் கழகம் என்று பெயர்பெற்ற தனி அமைப்பில் ஆடின. வெள்ளிக்கிழமை இரவுகள் வெள்ளையர் பள்ளிகளுக்கு என்றிருந்ததால், அவர்களுடைய ஆட்டங்கள் பெரும்பாலும் புதன், வியாழன் இரவுகளில் நடந்தன. யூ.ஐ.எல். எனப்படும் மாநிலப் போட்டிக் கழகம் அப்பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1967இல்; 1970இல் பழைய கழகம் முடிவுக்கு வந்தது. அந்த ஐம்பது ஆண்டு ஓட்டங்களில் எத்தனையை யார் கெஜம் கெஜமாக எழுதிவைத்தார்கள்? போமான்ட் நகர ஹெபர்ட் பள்ளியில் ஓடிய மெல் ஃபார் 1967இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். கிராண்ட் பிரெய்ரியின் டால்வொர்த் பள்ளியிலிருந்து சென்ற சார்லி டெய்லர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். பின்னாளில் பெயர் பெற்றதால் இவர்களை நாம் அறிகிறோம். பள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு எண்ணெய் ஆலைக்கோ துறைமுகத்துக்கோ வேலைக்குப் போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

எர்ல் கேம்பெல்லின் வாழ்க்கையே இதற்குச் சான்று. டைலர் நகரில் ரோஜா வளர்த்துப் பிழைத்த குடும்பத்தில் 1955இல் பிறந்தவர். 1973இல் ஜான் டைலர் பள்ளிக்கு மாநிலப் பட்டத்தை வாங்கித் தந்தார். 1977இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை பெற்றார். 1981இல் நம் சட்டமன்றம் அவரை மாநில நாயகராக அறிவித்தது. அதற்கு முன் அந்தப் பெருமை ஸ்டீபன் ஆஸ்டின், சாம் ஹூஸ்டன், டேவி கிராக்கெட் ஆகிய மூவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. டைலரின் கறுப்பினப் பள்ளியான எம்மெட் ஸ்காட் மூடப்பட்டது 1970இல்தான். கேம்பெல் பத்தாண்டு முன்னதாகப் பிறந்திருந்தால் எம்மெட் ஸ்காட் பள்ளிக்காகத்தான் ஓடியிருப்பார். அதே கால்கள், அதே தோள்கள், ஆனால் அந்த ஓட்டங்களில் எவ்வளவு நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஹூக்ஸ் என்ற சிற்றூரில் 7,738 கெஜம் ஓடிய பில்லி சிம்ஸ், 1978இல் சீலி பள்ளியைத் தோல்வியே இல்லாமல் பட்டத்துக்குக் கொண்டுசென்ற எரிக் டிக்கர்சன், மிட்லண்ட் லீ பள்ளிக்காக 1998 முதல் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்று, 2019இல் விபத்தில் மறைந்த செட்ரிக் பென்சன், பாலஸ்டைனின் ஏட்ரியன் பீட்டர்சன், வேக்கோவின் லடெய்னியன் டாம்லின்சன் என்று இந்த வரிசை நீளும். இவர்களில் யார் தலைசிறந்தவர் என்று கேட்டால் கவுண்டிக்கு ஒரு விடை கிடைக்கும். என் வீட்டிலேயே இரண்டு கட்சி. அந்த வழக்கை ஆணையம் தீர்த்துவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, ஆணையம் முதலில் பிரெய்ரி வியூ கழகப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், பயிற்சியாளர்களின் குறிப்பேடுகள், கறுப்பினச் சமூகத்தின் பழைய செய்தித்தாள்கள், ஆடியவர்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றை மாநில ஆவணக் காப்பகத்தோடும் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து திரட்ட வேண்டும் என்பதே. 1960களில் ஆடியவர்கள் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். ஆதலால் பலகைகள் காத்திருக்கலாம், இந்தப் பணி காத்திருக்க முடியாது. தனிநபருக்குப் பலகை வைக்க அவர் மறைந்து பத்தாண்டு கழிய வேண்டும் என்ற தங்கள் விதியை அறிவேன். ஆகவே பலகைகளை ஆட்டக்காரர் பெயரில் அல்லாமல், அவர்கள் ஓடிய பள்ளிக்கும் மைதானத்துக்கும் உரியவையாக, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இடங்களிலிருந்து தொடங்கி நிறுவுமாறு வேண்டுகிறேன். டைலரில் அன்று ஜான் டைலர் எனப்பட்ட பள்ளிக்கு ஒன்று என்றால் எம்மெட் ஸ்காட்டுக்கும் ஒன்று. சொல்லப்படாத வரலாறுகளுக்கென ஆணையம் ஏற்கெனவே நடத்திவரும் பலகைத் திட்டத்தின் கீழேயே எம்மெட் ஸ்காட், ஹெபர்ட், டால்வொர்த் பள்ளிகளைப் பரிசீலிக்கலாம்.

சுகர் லேண்டில் வைக்கப்படும் பலகையில் 11,232 என்ற எண்ணுக்கு அடுத்த வரியிலேயே, அன்று அந்த மைதானத்தில் ஆட அனுமதிக்கப்படாத மாணவர்கள் யார் என்பதும் பொறிக்கப்பட வேண்டும். இதனால் ஹாலின் பெருமைக்கு எந்தக் குறையும் வராது. அவர் அந்தச் சட்டத்தை எழுதியவரல்லர்.

வாய்மொழிப் பதிவுக்கு ஆள் தேவைப்பட்டால், இதில் கையெழுத்திடும் பெற்றோர் வார இறுதிகளில் ஒலிப்பதிவு செய்யவும், எழுத்தாக்கவும், முதியவர்களை வண்டியில் அழைத்துவரவும் ஆயத்தமாக உள்ளோம். கையெழுத்துப் படிவங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுகர் லேண்ட் குடியிருப்பாளர்