தலையங்கம் யாருடைய குரல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் காலை நாளிதழ் படிக்க வருவோரிடையே சென்ற வாரம் ஒரு வாக்குவாதம் எழுந்தது. நடுப்பக்கத்தில் பேராசிரியர் ஒருவர் தம் பெயரிட்டு எழுதியிருந்த கட்டுரையைக் காட்டி, "பேப்பரே இப்படித் தலையங்கம் எழுதலாமா?" என்று நண்பர் கொதித்தார். அது தலையங்கமே அன்று என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பெயரின்றி வரும் தலையங்கம் நாளிதழின் நிலைப்பாடு. பெயருடன் வரும் கட்டுரையின் கருத்தோ எழுதியவருக்கே உரியது. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் 'ஆசிரியர் தலையங்கம்' என்று எழுதும்போது அது யாருடைய குரல் என்பது சொல்லிலேயே விளங்கிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இத்தகைய கட்டுரையை 'ஆப்-எட்' என்பார்கள். 'ஒப்பீனியன்', 'எடிட்டோரியல்' என்னும் இரு சொற்களின் சுருக்கம் அது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், தலையங்கப் பக்கத்துக்கு எதிரே உள்ள பக்கம் என்பதே அதன் பொருள். 1920களின் தொடக்கத்தில் 'நியூயார்க் வேர்ல்ட்' ஆசிரியர் ஹெர்பர்ட் பேயார்ட் ஸ்வோப், கண்டதையும் போட்டு நிரப்பிவந்த அந்தப் பக்கத்தைக் கருத்துக்கென்றே ஒதுக்கினார். எனினும், அதில் எழுதியவர்கள் பெரும்பாலும் அந்நாளிதழின் பத்தியாளர்களே. வெளியார் எழுதுவதற்கென்றே 'நியூயார்க் டைம்ஸ்' அப்பக்கத்தைத் திறந்தது 1970 செப்டம்பர் 21 அன்றுதான். தலையங்கப் பகுதியின் பொறுப்பாளராக இருந்த ஜான் ஓக்ஸ் அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியிருந்தார். இந்தப் பக்கம் நாளிதழின் கருத்து, எதிர்ப்பக்கம் அதனோடு முரண்படவும் உரிமையுள்ள பிறரின் கருத்து என்பதைத் தாளின் அமைப்பே வாசகருக்கு உணர்த்தியது.

கைப்பேசியில் எதிர்ப்பக்கம் ஏது? அதனாலேயே 2021இல் அந்நாளிதழ் 'ஆப்-எட்' என்ற பெயரைக் கைவிட்டு, 'விருந்தினர் கட்டுரை' என்று குறிக்கத் தொடங்கியது. நம்மிடையே நிலைமை இன்னும் கவலைக்குரியது. கட்டுரையின் ஒரு பத்தியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எழுதியவரின் பெயர் உதிர்ந்துபோகிறது, நாளிதழின் சின்னம் மட்டும் மிஞ்சுகிறது. எழுதியவர் ஏற்க வேண்டிய மறுப்பை நாளிதழ் ஏற்கிறது. மாற்றுக்கருத்துக்கு இடம் தந்ததே குற்றம்போல் ஆகிவிடுகிறது.

ஆகவே, கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் வரும் 'கட்டுரையாளரின் சொந்தக் கருத்து' என்னும் குறிப்பை, அச்சிலும் இணையத்திலும் தலைப்புக்கு மேலேயே, கட்டுரையாளரின் பெயரோடு சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்