காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இப்போதைய ஐந்தாண்டு ஒப்பந்த காலம், 2022 ஜனவரி 11இல் தொடங்கி 2027 ஜனவரி 10உடன் நிறைவடைய வேண்டியது. அடுத்த ஒப்பந்தத்தில் எந்தெந்த அறுவை சிகிச்சைகள் சேர்க்கப்படும், எந்தெந்த மருத்துவமனைகள் இடம்பெறும் என்பவை குறித்தெல்லாம் அதிகாரிகளும் மருத்துவர்களும் பேசுவார்கள். ஆனால், திட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பம் சேர்வதற்கான வழி எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. வருவாய்த் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

திட்டத்தின் பெருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியபோது, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றிருந்தது. 2012இல் புதிய பெயரில் மறுவடிவம் பெற்றபோது அது ஆண்டுக்கு ஒரு லட்சமானது. 2018இல் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்த பிறகு ஆண்டுக்கு ஐந்து லட்சமாக உயர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு இதில் இடமுண்டு. இதய அறுவை சிகிச்சையும் டயாலிசிஸும் காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவியும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டியிருக்கின்றன என்றால் அதற்கு இத்திட்டமே காரணம். ஆட்சிகள் மாறியபோதும் கைவிடப்படாமல் வளர்ந்துவந்த திட்டம் இது.

இத்தனை வளர்ந்த திட்டத்தில் சேருவதற்கு ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டியிருக்கிறது? முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாகக் கடந்து வர வேண்டும். சான்று கைக்கு வந்த பிறகு, குடும்ப அட்டையையும் குடும்பத்தினர் அனைவரின் ஆதார் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும். ஈரோட்டில் வசிப்பவருக்கு இது ஒரு முற்பகல் வேலை. தாளவாடி மலைக் கிராமம் ஒன்றில் வசிப்பவருக்கோ, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சத்தியமங்கலம் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து ஈரோட்டை அடைய வேண்டிய வேலை. அங்கே போன பிறகு, குடும்ப அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றாகவும் ஆதாரில் வேறொன்றாகவும் இருக்கிறது, திருத்தி வாருங்கள் என்று சொல்லப்பட்டால், அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் வீண். மருமகளாக வந்த பெண்ணின் பெயர் புகுந்த வீட்டுக் குடும்ப அட்டையில் ஏறாதவரை காப்பீட்டு அட்டையிலும் ஏறாது. முதல் பிரசவத்தில் சிக்கல் என்றால், எந்த வீட்டு அட்டையைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு வீட்டாரும் நிற்கும் நிலை ஏற்படுகிறது.

வருமானச் சான்று குறித்துத் தனியே சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களே இத்திட்டத்தில் சேரலாம் என்பது 2022இல் வகுத்த வரம்பு. அதற்கு முன் பத்தாண்டு காலம் அது 72,000 ரூபாயாகவே இருந்தது. கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், அவர் ஒருவருடைய வருமானமே ஆண்டுக்குச் சரியாக 1,20,000 ஆகிவிடுகிறது. அவருடைய மனைவி விடியற்காலையில் மல்லிகைப்பூ பறிக்கப் போய்ச் சம்பாதிப்பதையும் சேர்த்தால் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். இந்தக் குடும்பத்தை யாராவது வசதியான குடும்பம் என்பார்களா? கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மழை பெய்தால் வேலை இல்லை; கை உடைந்தால் வருமானமே இல்லை. இப்படிப்பட்ட வாழ்க்கையை ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே எண்ணில் அடக்கிச் சான்றளிக்கும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் சட்டம் கேட்கிறது. அவர் வீட்டின் நிலையைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஓர் எண்ணை எழுதுகிறார். அதைவிடத் துல்லியமாகக் கணக்கிட அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. ஆக, தகுதியைச் சரிபார்க்கும் பணியை இந்தச் சான்று உண்மையில் செய்வதே இல்லை. ஏழையை இரண்டு வாரம் அலைய வைப்பதும், நடுவில் யாராவது இடைத்தரகர் காசு பார்க்க வழி செய்வதும்தான் மிச்சம்.

இதற்கு மாற்று வழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்துக்கு, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வகுத்த அதே அரசு, அதற்காகத் தனியாக வருமானச் சான்று இணைக்கத் தேவையில்லை என்றும் அறிவித்தது. நியாயவிலைக் கடை வாரியாக விண்ணப்பங்கள் வழங்கப்பட்டு, ஊருக்குள்ளேயே முகாம் நடத்திப் பதிவு செய்யப்பட்டது. வருமான வரி, அரசு ஊதியம், மின் நுகர்வு, நில உடைமை, வாகனம் ஆகிய விவரங்களை அரசே தன் கையிலுள்ள தரவுகளைக் கொண்டு சரிபார்த்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் தொடக்கத்திலேயே பயன்பெற்றனர். தகுதி மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டு வழியும் இருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் நேரடியாக வழங்கும் திட்டத்துக்கே சுய அறிவிப்பு போதுமானதாக இருக்கும்போது, நோய் வந்தால் மட்டும் பயன்படக்கூடிய காப்பீட்டுக்கு அது ஏன் போதாது?

காப்பீட்டுத் திட்டத்துக்குள்ளேயே முன்னுதாரணங்கள் உண்டு. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பின்றியே இத்திட்டம் பொருந்தும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட வெள்ளை நிறக் குடும்ப அட்டையே தகுதிக்கு ஆதாரமாக இருந்தது.

ஆகவே, முன்னுரிமைக் குடும்ப அட்டையோ, மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டையோ வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும், அவர்கள் விண்ணப்பிக்கும் வரை காத்திராமல், அரசே இத்திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் முதன்மையான வேண்டுகோள். குடும்ப அட்டைகள் 2017 முதல் மின்னணு அட்டைகளாகிவிட்டன. ஆதார் எண்களும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த விவரங்கள் அனைத்தும் அரசிடம் ஏற்கெனவே இருப்பவை. அதே விவரங்களை மறுபடியும் நகலெடுத்து வரும்படி குடும்பத்தலைவியை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைப்பதில் எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. மற்ற அரிசி அட்டைதாரர்களிடம் சுய அறிவிப்பு பெற்றுப் பதிவு செய்யலாம். பதிவை நியாயவிலைக் கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முடிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொண்டு வீடு வீடாகச் செல்லும் பெண்களுக்கு, எந்த வீட்டில் காப்பீட்டு அட்டை இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவர்கள் கையில் ஒரு கைபேசிச் செயலியைக் கொடுத்து, உரிய ஊக்கத்தொகையும் கொடுத்தால், எந்தச் சிறப்பு முகாமும் எட்டாத வீடுகளை அவர்கள் எட்டுவார்கள்.

அரிசி அட்டை வசதியானவர்களிடமும் இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால், இத்திட்டத்துக்காக ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு அரசு செலுத்தும் காப்பீட்டுக் கட்டணம் இந்த ஒப்பந்தத்தில் 849 ரூபாய். தகுதியற்ற ஒரு குடும்பம் தவறுதலாக உள்ளே வந்துவிட்டால் அரசுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் அவ்வளவுதான். தரவுகளைச் சரிபார்த்து அடுத்த ஆண்டே அதை நீக்கிவிடலாம். தகுதியுள்ள ஒரு குடும்பம் வெளியே நின்றுவிட்டால், அது தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறது. ஆட்டையும் மாட்டையும் விற்கிறது. பிள்ளையின் கல்லூரிப் படிப்பை நிறுத்துகிறது. இந்த இரண்டு தவறுகளையும் ஒரே எடையில் வைத்து விதிகளை எழுதக் கூடாது.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சைகள் இக்காப்பீட்டின் கீழ் மேற்கொள்ளப்படுகின்றன. அதில் வரும் தொகை அந்த மருத்துவமனைகளுக்கே பயன்படுகிறது. அட்டையுள்ள நோயாளிகள் பெருகினால் அரசு மருத்துவமனையும் பலப்படும்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. அதற்குப் புதிய ஒப்பந்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டுத் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், வருவாய்த் துறை அலுவலகமும் காப்பீட்டு மையமும் திங்கட்கிழமைதான் திறக்கும். அதற்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். அவர் மகன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருக்க வேண்டிய நேரத்தில் சான்றுக்காக அலுவலக வாசலில் நிற்கிறான். திட்டத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கும் காப்பீட்டு உதவி மேசையிலேயே, குடும்ப அட்டையையும் ஆதாரையும் மட்டும் கொண்டு எந்த நேரத்திலும் தற்காலிகப் பதிவு செய்யவும், மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்தே காப்பீடு செல்லும் என்று ஏற்கவும், மற்ற சரிபார்ப்புகளை முப்பது நாளுக்குள் அரசுத் தரப்பிலேயே முடிக்கவும் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். வருவாய்த் துறையும் கூட்டுறவு, உணவுத் துறையும் இதற்குத் தரவு தந்து உதவ வேண்டும் என்று இவ்விரு துறைகளின் அமைச்சர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.